இடது ஓரத்து ம்

ஜூன் 4

டாக்டரம்மாவுக்கு,

நான் நலம். நீயும் நலம்தான் என்று வைத்துக்கொள்கிறேன். போனில் கேட்டால் தெரிந்துகொள்ள முடிவதில்லை. எப்படி இருக்கிறாய் என்றால் "ம்". சாப்பிட்டாயா என்றால் "ம்". அங்கே மழையா என்றால் அதற்கும் "ம்". ஞாயிற்றுக்கிழமை எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. நீ சிரிக்கவில்லை. "இனிமே போன் பண்ணாதீங்க. சொல்லணும்னா எழுதுங்க. பேப்பர்ல ம் கொட்ட முடியாது, அப்பவாவது நான் ஏதாவது சொல்லுவேன்" என்று வைத்துவிட்டாய். சரி, எழுதுகிறேன். பேனா பிடித்து நாளாயிற்று, இதற்குள் கை கடுக்கிறது. கையெழுத்தைப் பார்த்துக் கோழிக் கிறுக்கல் என்பாய். சொல்லிக்கொள்.

வீட்டில் எல்லாம் அப்படியே இருக்கிறது. அப்படியே என்றால், நீ போகும்போது எதெது கெட்டிருந்ததோ அததது கெட்டபடியே இருக்கிறது. துவைக்கிற மெஷின் பாதியில் நின்றுவிடுகிறது, பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினால் ஓடுகிறது. பின்கதவுத் தாழ்ப்பாள் விழுவதில்லை. முன்னறையில் இருந்த பட்டறை இப்போது சாப்பாட்டு மேசைக்கும் வந்துவிட்டது. உன் நாற்காலியில் பெட்டிகளுக்கான முகப்புப் பேனல்களை அடுக்கியிருக்கிறேன். கோபப்படாதே. நீ தற்காலிகமாகப் போயிருக்கிறாய், நாற்காலியும் தற்காலிகமாகத்தான் பேனல் சுமக்கிறது. ஆகஸ்ட் கடைசியில் உன் வேலை முடிந்து திரும்பி வருவதற்குள் காலி செய்துவிடுவேன்.

புது மாட்யூலைப் பற்றிச் சொல்லவேண்டும். நீ கேட்கவில்லை, தெரியும். இது வேவ்டேபிள் ஆசிலேட்டர். முன்பே சொல்லியிருக்கிறேன், நீயும் ம் கொட்டியிருக்கிறாய், காதில் விழுந்ததா என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். மறுபடி சொல்கிறேன். மாட்யுலர் சின்தசைசர் என்பது பெட்டி பெட்டியாகச் சட்டத்தில் மாட்டி, ஒயர் போட்டு இணைத்து வாசிக்கிற வாத்தியம். பெட்டி ஒவ்வொன்றும் ஒரு மாட்யூல், அதில் ஓசை பிறக்கிற பெட்டிதான் ஆசிலேட்டர். இதற்கு என்ன செய்யவேண்டுமென்றால், ஏதாவது ஒரு ஒலியிலிருந்து ஒரே ஒரு அலையை, கண் சிமிட்டுகிற நேரத்தைவிடச் சின்னத் துண்டை, நறுக்கி எடுக்கவேண்டும். அதையே விடாமல் சுற்றவிட்டால் ஒரு சுரமாக நிற்கும். அப்படி அறுபத்து நாலு அலைகளை வரிசையாக அடுக்கி ஒரு சில்லுக்குள் வைத்தால் அதுதான் வேவ்டேபிள். முகப்பில் ஒரு பெரிய குமிழ். இடது ஓரத்திலிருந்து அதைத் திருப்பிக்கொண்டே போனால் ஒரு அலை அடுத்த அலையாகக் கரைந்து கரைந்து வலது ஓரம் வரை போகும்.

இதுவரை மணி, கண்ணாடி, தகரம் என்று செய்துவிட்டேன். இந்த முறை மனுஷக் குரலில் ஒன்று வைத்திருக்கிறேன். என் வாழ்நாளில் இதைவிட நல்ல ஒன்று செய்ததில்லை. பேனல் அச்சுக்குப் போகுமுன் உன் காது வேண்டும். ஊராரின் காதையெல்லாம் சோதிக்கிறாய், எனக்கும் கொஞ்சம் கொடேன்.

உன்,
பட்டறைக்காரன்

*

ஜூன் 15

என்னங்க,

கூப்பிடுகிற மாதிரியே ஆரம்பித்துவிட்டேன், வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கடிதம் கிடைத்தது. கோழிக் கிறுக்கல்தான். ஆனாலும் இரண்டு தடவை படித்தேன்.

இங்கே ஆஸ்பத்திரியில் காலையிலிருந்து மாலைவரை பீப்தான். ஆளைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, கதவைச் சாத்திவிட்டு, பீப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போவேன். கேட்டால் அவர்கள் பொத்தானை அமுக்கவேண்டும். நேற்று ஒருவர் வந்தார், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். நான் ஒன்றுமே அனுப்பாதபோதும் விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் எதைக் கேட்டு அமுக்கினீர்கள் என்று கேட்டேன். "நீங்க என் முகத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தீங்க டாக்டரம்மா, பாவமா இருந்துச்சு" என்றார். சிரித்துவிட்டேன். அறைக்கு வந்து யோசித்தால் சிரிப்பு போய்விட்டது. கேட்காமலே பொத்தானை அமுக்குவது எனக்கும் நன்றாகத் தெரிந்த வேலை.

அறை மாடியில் இருக்கிறது. ஒரு கட்டில், ஒரு மேசை, ஜன்னலுக்கு எதிரே தண்ணீர்த் தொட்டி. சாயங்காலம் வந்து கதவைச் சாத்தினால் ஒரு சத்தம் கிடையாது. முதல் வாரம் அது பயமாக இருந்தது, ரேடியோ வாங்கலாமா என்றுகூட நினைத்தேன். வாங்கவில்லை. இப்போது தேவைப்படவில்லை.

ஒரு விஷயம். கண்காணிப்பாளர் அம்மா கூப்பிட்டு, தற்காலிகம் என்பதை மாற்றி இங்கேயே நிரந்தரமாக இருந்துவிடுகிறாயா என்று கேட்டார்கள். ஆகஸ்ட் நடுவுக்குள் சொல்லவேண்டுமாம். நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. உங்களுக்குத் தெரியாமல் சொல்லக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபமாக இருந்தால் சண்டை போட்டுவிட்டுச் சரியாகியிருப்பேன். அலுப்பாக இருக்கிறது, அவ்வளவுதான். தூங்கினால் போகிற அலுப்பு இல்லை. என்ன நினைக்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

மாட்யூலை அனுப்புங்கள், கேட்கிறேன். எங்கள் கண்ணாடி அறை ஹெட்போனைவிட நல்லது உங்கள் பட்டறையில் கிடையாது.

மெஷினைத் தட்டாதீர்கள். வடிகட்டியில் நூல் அடைத்திருக்கும், முன்பக்கம் கீழே ஒரு மூடி இருக்கிறது, திறந்து கழுவுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் காதுக்காரி

*

ஜூன் 27

டாக்டரம்மாவுக்கு,

கழுவினேன். ஒரு கைப்பிடி நூலும் உன் வளையல் துண்டு ஒன்றும் வந்தன. மெஷின் பிரமாதமாக ஓடுகிறது. இதை முன்பே சொல்லியிருக்கக்கூடாதா?

நிரந்தரம் என்கிற பேச்சைப் பார்த்தேன். நல்ல ஆள் கிடைத்தால் யார்தான் விடுவார்கள்? அப்படித்தான் கேட்பார்கள். நீ வந்தபிறகு நிதானமாகப் பேசிக்கொள்ளலாம்.

இத்துடன் பார்சல் வருகிறது. சின்னச் சட்டத்தில் மாட்யூலையும், ஹெட்போனுக்கு ஒரு பெட்டியையும் பொருத்தி, ஒயரும் போட்டே அனுப்பியிருக்கிறேன். நீ மின்சாரம் கொடுத்தால் போதும். சிவப்பு ஒயரைப் பிடுங்காதே. நடுவில் இருக்கிற பெரிய குமிழை மட்டும் திருப்பு. அவசரப்படாமல், இடமிருந்து வலமாக. பேனல் இன்னும் வெறும் தகடுதான், எழுத்து அச்சடிக்கவில்லை. பேனல் அடிக்கிறவர் குமிழுக்குப் பக்கத்தில் என்ன எழுத்து வேண்டும் என்று தினமும் கேட்கிறார். நீ கேட்டுவிட்டுச் சொன்னபிறகுதான் அவருக்குப் பதில்.

என் மாட்யூல்களை விற்கிற நம் கடைக்காரருக்கு ஒன்று கொடுத்தேன். வழக்கமாக அவர் எதைக் கேட்டாலும் உதட்டைப் பிதுக்குகிற மனுஷன். வாத்தியக்காரர்கள் சிலரை உட்காரவைத்து வாசிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுச் சாயங்காலமே ஓடி வந்தார். எல்லோருக்கும் வலது பக்கம்தான் பிடித்திருக்கிறதாம். "அந்தக் கடைசி ஓரம் இருக்கே சார், அதுல ஒரு ஆள் உக்காந்திருக்கு" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் நான் செய்த எதிலும் ஆள் உட்கார்ந்திருப்பதாக யாரும் சொன்னதில்லை.

யாருடைய குரல் என்று நான் சொல்லமாட்டேன், நீயே கண்டுபிடி. கண்டுபிடித்தால் உனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

உன்,
பட்டறைக்காரன்

*

ஜூலை 9

என்னங்க,

சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் போனபிறகு கண்ணாடி அறைக்குள் எடுத்துப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இத்தனை வருஷ வேலையில் சோதனைக்கு வருகிறவர் நாற்காலியில் நான் உட்கார்ந்ததே இல்லை. உட்கார்ந்தால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் காலி நாற்காலி தெரிகிறது.

குமிழை இடது ஓரத்தில் வைத்தேன். முதலில் ஏதோ வாத்தியம் என்றுதான் நினைத்தேன். உதட்டை மூடிக்கொண்டு மூக்கில் நிற்கிற மாதிரி ஒரு சுரம், தடிப்பாக, நன்றாக இருந்தது. கொஞ்சம் திருப்பினேன். இன்னும் கொஞ்சம். பாதி வருவதற்குள் தெரிந்துவிட்டது. அது நான். நான் ம் கொட்டுகிற சத்தம்.

எங்கிருந்து எடுத்தீர்கள் என்று புரிந்துவிட்டது. மாட்யூலைச் சோதிக்கும்போது அறை மைக்கை ஓடவிட்டுவிட்டுப் பேசிக்கொண்டே வேலை செய்வீர்கள், நான் சமையலறையிலிருந்து ம் கொட்டுவேன். அதெல்லாம் பதிவாகிச் சேர்ந்திருக்கிறது, நீங்களும் நறுக்கியிருக்கிறீர்கள். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அது கிடக்கட்டும்.

நான் சொல்லவந்தது வேறு. இடது ஓரத்தில் இருக்கிறவளுக்கு உங்கள் பேச்சு பிடித்திருக்கிறது. கெப்பாசிட்டர் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாது, ஆனாலும் இவர் சொன்னால் கேட்கலாம் என்று இருக்கிறாள். அது நாம் அந்த வீட்டுக்கு வந்த புதிது, எனக்குத் தெரியும். திருப்பத் திருப்ப அவள் அடுப்பைப் பார்க்க ஆரம்பிக்கிறாள். முக்கால் தாண்டினால் நீங்கள் பேசி முடிப்பதற்கு முன்பே ம் சொல்லிவிடுகிறாள். வலது ஓரத்தில் யாருமே இல்லை, வாய் மட்டும் ம் என்கிறது. அங்கேதான் ஆள் உட்கார்ந்திருக்கிறது என்கிறார் உங்கள் கடைக்காரர். அந்த இடத்தில் ஆள் எழுந்து போயாகிவிட்டது.

மூன்று தடவை திருப்பிப் பார்த்தேன். அழவில்லை. ஒரு சின்னப் பெட்டிக்குள் இவ்வளவையும் எப்படி அடைத்தீர்கள் என்று ஆச்சரியமாக இருந்தது. வேண்டுமென்றே தேதி பார்த்துத்தான் அடுக்கினீர்களா? அதைமட்டும் சொல்லுங்கள். இதைச் செய்துவிட்டா எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று எழுதினீர்கள்?

இன்னொன்று. பழையதையெல்லாம் வைத்திருக்கிறீர்கள் இல்லையா? நான் ஏதாவது சொல்லி, நீங்கள் ம் கொட்டிய இடம் ஒன்றாவது அதில் இருக்கிறதா பாருங்கள்.

போன கடிதத்தில் ஒன்று கேட்டிருந்தேன். வந்தபிறகு பேசலாம் என்றீர்கள். வருவதா என்பதுதான் கேள்வி.

இப்படிக்கு,
உங்கள் காதுக்காரி

*

ஜூலை 20

டாக்டரம்மாவுக்கு,

சத்தியமாகச் சொல்கிறேன், தேதி பார்த்து அடுக்கவில்லை. எந்த அலை எந்த வருஷத்தது என்றுகூட எனக்குத் தெரியாது. எல்லாவற்றையும் ஒரே சத்த அளவுக்கும் ஒரே சுருதிக்கும் கொண்டுவந்தேன். அப்படிச் செய்யாவிட்டால் குமிழைத் திருப்பும்போது துள்ளும். பிறகு எது துலக்கம், எது மங்கல் என்று கணக்குப் போட்டு வரிசைப்படுத்து என்று கம்ப்யூட்டரிடம் விட்டுவிட்டேன். அடுக்கியது அதுதான். துலக்கமானது இடது பக்கம், மங்கலானது வலது பக்கம். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

உன் கடிதம் வந்தபிறகு பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்து ஒவ்வொன்றுக்கும் தேதி பார்த்தேன். நீ சொன்னதுதான் சரி. கிட்டத்தட்ட வருஷ வரிசையிலேயே நிற்கிறது. எனக்கு முதலில் உன்மேல் கோபம் வந்தது, வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே என்று. பிறகு யோசித்தால், சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறாய். நானும் கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறேன், அளவைச் சரிசெய்துகொண்டு.

நீ தேடச் சொன்னதையும் தேடினேன். இந்த வாரம் வேறு வேலையே பார்க்கவில்லை. "இன்னிக்கு ஒருத்தர் வந்தாருங்க" என்று நீ ஆரம்பிக்கிறாய், "ஒரு நிமிஷம், இதைக் கேளேன்" என்கிறேன் நான். "நான் என்ன சொல்ல வந்தேன்னா" என்கிறாய், அதற்குள் நான் சத்தத்தைக் கூட்டிவிடுகிறேன். இப்படியே நிறைய. இன்னும் எல்லாவற்றையும் கேட்டு முடிக்கவில்லை. எங்காவது இருக்கும். இல்லாமல் போகாது.

ஆனால் ஒன்று கிடைத்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். இந்த வரிசையில் ஒன்றேயொன்று தப்பி நிற்கிறது. இடது ஓரத்திலேயே, முதல் வருஷத்து அலைகளுக்கு நடுவில், போன ஜனவரியில் பதிவானது ஒன்று உட்கார்ந்திருக்கிறது. போன ஜனவரி! நீ இங்கிருந்து போவதற்குக் கொஞ்ச நாள் முன்பு. முழுப் பதிவையும் போட்டுக் கேட்டேன். நான் அன்றைக்குப் பேசவே இல்லை. சுருதி சேர்த்துக்கொண்டிருந்திருக்கிறேன், அடியில் அந்தக் கார்வை மட்டும் ஓடுகிறது. பின்னால், நடையிலிருந்து, உன் ம். ஒன்றே ஒன்று. அவ்வளவு நிறைவாக, அந்தக் காலத்தில் சொல்வாயே, அப்படி. அப்புறம் இழுப்பறை திறக்கிற சத்தம்.

நான் ஒன்றும் சொல்லாதபோது நீயாகச் சொன்ன ம் அது. அந்தச் சுரம் உனக்குப் பிடித்துப்போயிருக்கவேண்டும். அப்படியென்றால் எல்லாமும் மங்கிப்போய்விடவில்லை, இல்லையா? இந்த வயதில் ஒரு ம்மைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன் என்று சிரிக்காதே. தினமும் அதைப் போட்டுக் கேட்கிறேன். உன் நாற்காலியிலிருந்து பேனல்களை எடுத்துத் துடைத்துவைத்துவிட்டேன். தாழ்ப்பாளுக்கும் ஆள் வந்து போனார்.

அந்த அலைகள் உன்னுடையவை. வேண்டாம் என்று சொன்னால் மொத்தத்தையும் அழித்துவிட்டுத் திரும்ப மணியையும் தகரத்தையும் போட்டுவிடுகிறேன், கடைக்காரர் தலையில் அடித்துக்கொள்ளட்டும். வேண்டும் என்றால் குமிழுக்குப் பக்கத்தில் "ம்" என்று மட்டும் அச்சடிக்கலாம் என்று இருக்கிறேன். எதுவானாலும் எழுது. அந்த ஜனவரி ம் எதற்காக என்பதையும் எழுது. நீ வந்துவிடு. நான் குறைவாகப் பேசுகிறேன்.

உன்,
பட்டறைக்காரன்

*

ஆகஸ்ட் 4

என்னங்க,

உங்கள் கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டு இத்தனை நாள் சுற்றிச்சுற்றி வந்தேன். பொய் எழுதிவிடலாம் என்றுகூட இருந்தது. நீங்கள் சந்தோஷப்படுவீர்கள், நானும் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடுவேன், மறுபடி சமையலறையில் நின்றுகொண்டு வலது ஓரத்திலிருந்து ஆரம்பிப்பேன். எனக்குத் தெம்பில்லை.

அந்த ஜனவரி ம் உங்கள் சுரத்துக்குச் சொன்னது இல்லை. நடையில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தேன். இங்கேயிருந்து கண்காணிப்பாளர் அம்மா. ஆள் இல்லாமல் கஷ்டப்படுகிறோம், உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை, விருப்பம் இருந்தால் வரலாம் என்று சொல்லிவிட்டு, "வர்றீங்களா?" என்று கேட்டார்கள். அதற்குத்தான் ம். இழுப்பறையைத் திறந்தது விலாசம் எழுதிக்கொள்ளப் பேனா எடுக்க. அன்றைக்குச் சாயங்காலம் உங்களிடம் "போட்டுட்டாங்க" என்று சொன்னேன். யாரும் போடவில்லை. கேட்டார்கள், நான் சரி என்றேன்.

அந்த ம் எப்படி அங்கே போய் உட்கார்ந்தது என்று நானும் யோசித்தேன். அந்த வீட்டுக்கு வந்தபோது எப்படி இருந்தேனோ, அன்றைக்கு அரை நிமிஷம் அப்படி இருந்திருக்கிறேன். உங்கள் கம்ப்யூட்டர் சரியாகத்தான் அடுக்கியிருக்கிறது.

உங்களைப் பற்றி யாரிடமும் ஒரு குறை சொல்லமாட்டேன். கை நீட்டியதில்லை, குடித்ததில்லை, என்னை ஒரு வார்த்தை கடிந்ததில்லை. சாப்பாடு நன்றாக இல்லாவிட்டாலும் சாப்பிட்டுவிட்டு சில்லு, ஒயர் என்று பேசுவீர்கள். அந்தப் பேச்சை ஒரு காலத்தில் நான் ஆசையாகக் கேட்டேன், அதற்குச் சாட்சி உங்கள் பெட்டியிலேயே இருக்கிறது. குறைவாகப் பேசுகிறேன் என்கிறீர்கள். நீங்கள் குறைவாகப் பேசி என்ன ஆகப்போகிறது? பேச்சு நின்றால் நீங்கள் சுருதி சேர்ப்பீர்கள். நான் சொல்வதற்கு எனக்குள்ளேயே ஒன்றும் மிச்சமில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இங்கே வந்தபிறகு பக்கத்து அறை நர்ஸ் தினமும் என்ன நடந்தது என்று கேட்கிறாள், நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போகிறேன். எனக்கே வியப்பாக இருக்கிறது.

நிரந்தரத்துக்குச் சம்மதம் சொல்லிவிட்டேன். கையெழுத்தும் போட்டாகிவிட்டது. நான் வரமாட்டேன். விடுமுறையிலும் வரமாட்டேன். என் மீதிப் புடவைகளையும் பழைய மூக்குக் கண்ணாடியையும் அக்கா வந்து எடுத்துக்கொள்வாள், அவளிடம் எதுவும் கேட்காதீர்கள், பாவம் அவள் அழுதுவிடுவாள். நாற்காலியில் மறுபடி பேனல் அடுக்கிக்கொள்ளலாம்.

அலைகளை அழிக்கவேண்டாம். நல்ல சத்தம் அது. எவரோ எங்கேயோ அதை வாசிக்கட்டும், அவர்களுக்கு ஆள் தெரிந்தால் தெரியட்டும். குமிழுக்குப் பக்கத்தில் "ம்" என்றே போடுங்கள். அந்த ஜனவரி ஒன்றை மட்டும் எடுத்துவிடுங்கள். அது உங்களுக்குச் சொன்னது இல்லை. அது இருந்தால் இடது பக்கம் பொய்யாகிவிடும், நிஜமாக உங்களுக்குச் சொன்னவைதான் அங்கே இருக்கவேண்டும். பெட்டியை நாளைக்குப் பார்சலில் போடுகிறேன். சிவப்பு ஒயரைப் பிடுங்கவில்லை.

ஒரே ஒரு உபகாரம். இதற்கு நீளமாகப் பதில் எழுதாதீர்கள். காரணம் சொல்லவேண்டாம், மன்னிப்புக் கேட்கவேண்டாம், புது மாட்யூலைப் பற்றியும் வேண்டாம். நான் இன்றைக்குத்தான் முழுசாகச் சொல்லி முடித்திருக்கிறேன், நடுவில் யாரும் "ஒரு நிமிஷம்" என்று சொல்லவில்லை. நீங்கள் கேட்டீர்கள் என்று தெரிந்தால் போதும்.

இப்படிக்கு,
காதுக்காரி

*

ஆகஸ்ட் 13

டாக்டரம்மாவுக்கு,

ம்.

பட்டறைக்காரன்